புராஜெக்ட் யாருக்கு, பிள்ளைக்கா பெற்றோருக்கா? வாசகர் கேள்வி-பதில்

ஏழாம் வகுப்பு மகனுக்கு அடிக்கடி புராஜெக்ட் கொடுக்கிறார்கள். தெர்மாகோல் எரிமலை, சார்ட்டில் நீர்ச்சுழற்சி என்று ராத்திரி உட்கார்ந்து நான்தான் ஒட்டுகிறேன். இதில் அவனுக்கு என்ன நன்மை?
(ஒரு தாய், காரைக்குடி)

அவனுக்கு ஒன்றும் இல்லை. வெட்டி ஒட்டுவதில் உங்கள் கை திருந்தியிருக்கும், அவ்வளவுதான். விடை முன்பே தெரிந்த ஒன்றை அழகாகச் செய்து காட்டுவது கைவேலை. புராஜெக்ட், அதாவது செயல்திட்டம் என்றால் முதலில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதைத் தேடும்போது பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு தப்பாகப் போகவும் இடம் இருக்க வேண்டும். அடுத்த முறை கோணல்மாணலாக இருந்தாலும் அவன் செய்ததையே கொடுத்தனுப்புங்கள். மதிப்பெண் ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும்.

கணக்கு ஆசிரியர் நான். போர்ஷன் முடிக்கவே நாள் போதவில்லை. புராஜெக்டுக்கு நேரத்துக்கு எங்கே போவது?
(தேவகோட்டை)

பாடத்தை முடித்துவிட்டு மேல்மிச்சமாகச் செய்ய நினைத்தால் நேரம் கிடைக்காதுதான். பாடத்தையே அதற்குள் வைத்து நடத்துங்கள். பரப்பளவையே எடுத்துக்கொள்வோம். 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு கூடம். அதில் பத்து அங்குலச் சதுரமான ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் பூப்போட்ட தரைக்கல்) பதிக்க வேண்டும். எத்தனை கல் வாங்குவது?

பரப்பளவை வகுத்தால் 345.6 வரும். 346 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். அங்கே விடாதீர்கள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீளத்தில் 24 கல் கச்சிதமாக உட்காரும். அகலத்தில் 14 கல் போக நான்கு அங்குலம் மிஞ்சும். ஒரு கல்லை வெட்டினால் நான்கு அங்குலத் துண்டு இரண்டு கிடைக்குமே, அப்படியானால் 348 போதும் என்பான் ஒருவன். பூப்போட்ட கல்லை அப்படி வெட்டினால் டிசைன் ஒத்துவராது, துண்டுக்கு ஒரு முழுக்கல் வேண்டும், ஆகவே 360 என்பாள் இன்னொருத்தி. ஓரத்தில் வேறு நிறத்தில் கரை விடலாமே என்று மூன்றாவது குரல் வரும். அப்புறம் உடைசலுக்கு எத்தனை சேர்ப்பது என்று ஆரம்பிப்பார்கள். வகுப்பே சண்டை போடும், போடட்டும். தன் விடைக்குக் காரணம் சொல்லப் பழகுவதுதான் இந்த முறையின் பெரிய லாபம். இரண்டு பீரியட் போதும், பரப்பளவும் மறக்காது.

அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் கலவையை ஊற்றிச் செய்கிற அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சுடாத கல் தண்ணீரில் கிடந்து எப்படி இறுகுகிறது? அங்கிருந்து வேதியியல் தொடங்கலாம்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் படிக்கவில்லையா?
(பணி ஓய்வு பெற்றவர், பள்ளத்தூர்)

ஐயா, இது உங்கள் காலத்துக்கும் முந்தியது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் ‘செயல்திட்ட முறை’ பற்றி எழுதியது 1918இல். கைத்தொழிலை மையமாக வைத்துப் படிப்பைச் சொல்லித்தர வேண்டும் என்று வார்தாவில் காந்தி சொன்னது 1937இல். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் சிறுவனாகச் சேர்ந்தவர்கள் வட்டிக் கணக்கை எங்கே கற்றார்கள்? கடையில் உட்கார்ந்துதானே!

சார், குழுவில் ஐந்து பேர். வேலை முழுக்க நான் செய்கிறேன், மார்க் மட்டும் எல்லோருக்கும்.
(ஒன்பதாம் வகுப்பு மாணவி)

உன் கோபம் நியாயமானது. ஆனால் தப்பு உன் தோழிகளைவிட, வேலையைப் பிரித்துத் தராத ஆசிரியர்மேல்தான். யார் அளப்பது, யார் விசாரிப்பது, யார் எழுதுவது என்று முதல் நாளே நோட்டில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடு. முடிவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேள்வி கேட்கச் சொல்லிக் கேள். செய்யாதவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இதனால் பொதுத்தேர்வில் மார்க் கூடுமா?

கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வாய்ப்பாடும் சூத்திரமும் கைப்பழக்கமாக வேண்டும், அதற்குப் பயிற்சிதான் வழி. அடிப்படை தெரியாத பிள்ளையைத் தனியாகத் தேட விட்டால் திணறிப்போகும். சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்விக்கு மிரளாமல் இருக்க மட்டும் இது கைகொடுக்கும்.

கிராமப் பள்ளி எங்களுடையது. செலவு செய்யக் காசில்லை.
(ஆசிரியை, கானாடுகாத்தான் பக்கம்)

ஊருணி இருக்கிறதல்லவா? ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்று சார்ட் எழுத வைக்காதீர்கள். ‘நம் ஊருணி ஏன் நிரம்பவில்லை?’ என்று கேளுங்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுகப் பிள்ளைகள் நடக்கட்டும். எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று வரைபடம் போடட்டும். முன்பு எந்தப் படிவரை தண்ணீர் நின்றது என்று ஆச்சிமார்களிடம் கேட்டு எழுதட்டும். நேர்ப்பக்கமுள்ள ஒரு டப்பாவே மழைமானி ஆகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பழைய வீட்டு முற்றத்தில் இறங்கும் ஓட்டுக்கூரை 80 சதுர மீட்டர் என்றால், 15 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 1,200 லிட்டர். அது எத்தனை அண்டா என்று பிள்ளைகளே கணக்குப் போடுவார்கள்.

பெற்றோர் இருவரைக் கூட அழைத்துப் போங்கள், தண்ணீரில் யாரையும் இறங்க விடாதீர்கள். ஆகஸ்டில் தொடங்கினால் செப்டம்பருக்குள் வரைபடம் தயாராகிவிடும். அக்டோபர் 2 கிராமசபையில் அதைக் கொடுத்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரத்துக்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கலாம்.