தொட்டியை விடுங்கள், பிள்ளையின் நெஞ்சைப் பாருங்கள்

(செந்தூலிலிருந்து எழுதிய தாய்க்கு)

உங்கள் மகனின் நுரையீரலில் பூஞ்சை முளைக்கவில்லை அம்மா. மணி பிளாண்ட் தொட்டியில் மண்மேல் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் படமெடுத்து அனுப்பி, ‘நான் ஆசையாக வளர்த்த செடியால்தான் பிள்ளைக்கு இந்த இருமலா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. செடி வளர்த்ததில் உங்கள் தவறு எதுவுமில்லை.

மண்ணிலுள்ள மட்கையும் தேங்காய் நாரையும் தின்று வளர்வது அந்த வெள்ளைப் பூஞ்சை. கோலாலம்பூரின் ஈரக்காற்றில், ஜன்னலை அடைத்துவைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் எந்த வீட்டிலும் வரும். கீமோ எடுப்பவரோ உறுப்பு மாற்று செய்தவரோ இருக்கும் வீடென்றால் தொட்டிகளை வெளியே வைக்கச் சொல்வேன்; மண்ணிலுள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து. உங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை. இணையத்தில் பார்த்து அழுதீர்களே, அந்தக் கறுப்புப் பூஞ்சை 2021-இல் இந்தியாவில் பெரும்பாலும் கொரோனாவோடு கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் வந்தது. 7 வயதுப் பையனை மணி பிளாண்டிலிருந்து தாவிப் பிடிக்காது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கணவரின் படர்தாமரைக்கு வாங்கி மிச்சமிருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பூஞ்சை மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. இன்றே நிறுத்துங்கள். அதைவிடப் பெரிய தவறு, போன வருடம் கிளினிக்கில் கொடுத்த நீல இன்ஹேலரை ‘பழகிவிடும்’ என்று அலமாரியில் ஒளித்துவைத்தது. அது யாருக்கும் பழகாது. இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்கிற மருந்து அது.

விடியற்காலை 3 மணிக்கு இருமி எழுகிறான், ஓடினால் நெஞ்சில் விசில் சத்தம் என்கிறீர்கள். பெரும்பாலும் இது ஆஸ்துமாதான். பூஞ்சைத் தூள் கொஞ்சம் கிளறிவிடலாம். மெத்தைத் தூசியும் கொசுவத்திப் புகையும் அதைவிட அதிகமாகக் கிளறும்.

நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். இரவில் மூச்சு வாங்கினால் விளக்கைப் போட்டு, அவன் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா? தொண்டைக்குக் கீழே உள்ள குழி பள்ளமாகிறதா? ‘அம்மா, தண்ணி வேணும்’ என்பதை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திணறுகிறானா? அப்படியென்றால் காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, நீல இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்து ஒவ்வொரு அழுத்தாக 6 வரை கொடுங்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். விசில் சத்தம் நின்றும் அவன் சோர்ந்து கிடந்தால் தேறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். காற்றே போகாதபோதும் சத்தம் வராது.

தொட்டிக்கு வருகிறேன். பால்கனிக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டு, மண்ணை லேசாக ஈரமாக்கி, மேலே இரண்டு விரல் ஆழம் சுரண்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த நேரம் பையன் பக்கத்தில் வேண்டாம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குளோராக்ஸ் மாதிரி பிளீச் தெளிக்காதீர்கள், அந்த நெடியே இழுப்பைக் கிளப்பும். பூஞ்சைக்கென்று பட்டைத்தூள் தூவவும் வேண்டாம். படத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு நிறையத் தண்ணீர் நிற்கிறதே, அதை இப்போதே கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் நின்ற தண்ணீர் போதும். நம் ஊரில் டெங்கிக்குப் பயந்தால் அது நியாயமான பயம்.

இந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் அவனுக்குத் தேவைப்படலாம். எந்தெந்த இரவில் எழுந்தான் என்று தேதி போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள், அலமாரியில் இருக்கும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு.