ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா?

கேள்வி: என் கணவர் மயிலாடுதுறையில் பூட்டு, சாவி வேலை செய்கிறார். சைக்கிள் பூட்டெல்லாம் இப்போது யாரும் கொண்டுவருவதில்லை. பழைய இரும்புப் பெட்டி திறப்பதும் காருக்கு சிப் சாவி போடுவதும்தான் அதிகம். பெட்டி வேலையில் உட்கார்ந்துவிட்டால் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். நான் எடுத்தால் அவர்கள் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. மாதக் கட்டணம் கட்டினால் கம்ப்யூட்டரே போனை எடுத்துத் தமிழில் பேசும் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கலாமா?
ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: வாங்கலாம் அம்மா. ஆனால் அது என்ன பேச வேண்டும் என்பதை விற்க வந்தவர் முடிவு செய்யக்கூடாது. நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

போன் எடுப்பதே என் தொழிலாக இருந்தது. கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தால், வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்கிறவரிடம் நாங்கள் கேட்பது, ‘ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா?’ நெல் விலை விசாரிக்கிறவருக்கு ஆர்டினரி போதும். அப்பாவுக்கு முடியவில்லை என்று சென்னைக்குச் சொல்ல வந்தவர் காசைப் பார்க்காமல் லைட்னிங் என்பார். உங்கள் வீட்டு மெஷினும் முதலில் இதைத்தான் பிரிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடம் முன்பு ஐப்பசியில் சுவாமிமலையில் என் தங்கை வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். மழைக் காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் லாட்ச். சாவி உள்ளே, அடுப்பில் பால், தொட்டிலில் பேரன். ஒரு சாவிக் கடைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், டூப்ளிகேட் சாவிக்கு ஒன்றை அழுத்து, ரிமோட்டுக்கு இரண்டை அழுத்து என்று ஏழு வரை படித்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் வாடை ஜன்னல் வழியாக வந்தது. எதிர்வீட்டுத் தச்சர் ஜன்னல் கம்பியைக் கழற்றித் தன் பையனை உள்ளே விட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் வணக்கம் சொன்னதும் உங்கள் மெஷின் கேட்க வேண்டியது, ‘உள்ளே குழந்தையோ பெரியவரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்களா?’ ஆமாம் என்றால் அதற்குமேல் ஒரு கேள்வியும் வேண்டாம். 112-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, உங்கள் இருவர் போனையும் விடாமல் அடிக்க வேண்டும். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி வரை ஏறும். உள்ளே குழந்தை இருந்தால் சாவிக்காரருக்காகக் காத்திருக்காமல் கண்ணாடியை உடைக்கச் சொல்வதுதான் சரி. இதை உங்கள் கணவரும் ஒத்துக்கொள்வார்.

மற்ற அழைப்புகளுக்கு நிதானம் போதும். கார் என்றால் எந்த வண்டி, எந்த வருடம், ஒரு சாவியாவது கையில் இருக்கிறதா, எல்லாமே தொலைந்ததா? கடைசிக் கேள்வியில்தான் நேரமும் கூலியும் இருக்கிறது. பெட்டி என்றால் சாவிப் பூட்டா, நம்பர் பூட்டா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னால் போதும். பார்க்காத பெட்டிக்கு மெஷின் விலை சொல்லக்கூடாது.

காசு கட்டுவதற்கு முன்னால் உங்கள் மாமியாரை விட்டுப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சாவி ஒடஞ்சு உள்ளயே நின்னுபோச்சு’ என்று அவர் சொல்வது அதற்குப் புரிகிறதா? பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்று ஒருமுறை பேசுங்கள். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள்: குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில், தரங்கம்பாடி. திருக்கடையூரைக் கண்டியூர் என்று எழுதிக்கொண்டால் கிழக்கே போக வேண்டிய வண்டி திருவையாற்றுப் பக்கம் போய்விடும். பக்கத்தில் எந்தக் கோயில், எந்த பஸ் ஸ்டாப் என்றும் அது கேட்கட்டும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது வேறொன்று. யார் வீட்டில் பெட்டி இருக்கிறது, எந்தப் பூட்டு, வீட்டுக்காரர் எப்போது ஊரில் இருக்க மாட்டார் என்பதெல்லாம் அந்தப் பதிவில் சேர்ந்துகொண்டே போகும். திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேச்சு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் கேட்கலாம், நாம் சொன்னால் அழிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பேசுவது பதிவாகிறது என்பதை மெஷின் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்திருக்கிறது. பெட்டியின் நம்பரை யாராவது சொல்ல ஆரம்பித்தால், ‘அதை இங்கே சொல்ல வேண்டாம்’ என்று அது தடுக்க வேண்டும். யாருக்கும் ‘வந்து திறந்து தருகிறோம்’ என்று அது வாக்குக் கொடுக்கவும் கூடாது. ஆர்.சி. புக்கையும் ஆதாரையும் உங்கள் கணவர் நேரில் பார்த்த பிறகுதான் வேலை. நம் பக்கம் தெருவுக்குத் தெரு கோயில். உண்டியல் பூட்டு என்று அழைப்பு வந்தால் செயல் அலுவலர் கடிதம் இல்லாமல் அவரைப் புறப்பட விடாதீர்கள்.

கேள்வி: போன் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர், ஸ்டார் 401 போட்டு அவர் சொன்ன நம்பரையும் சேர்த்து டயல் செய்யச் சொன்னார். செய்துவிட்டேன். ஆபத்தா?
ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ஆபத்துதான். உங்களுக்கு வரும் அழைப்புகளை அவருடைய நம்பருக்குத் திருப்பிவிடும் வழி அது. வங்கியிலிருந்து உங்களுக்குப் போன் செய்து ஓ.டி.பி.யைக் குரலில் சொன்னால், அது அவர் காதில் விழும். இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அப்படி டயல் செய்து திருப்பும் வசதியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் திருப்பிவிட்டதை ரத்து செய்ய இப்போதே ##002# டயல் செய்து, கஸ்டமர் கேரிலும் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மயிலாடுதுறை அம்மாவும் இதைக் கவனிக்க வேண்டும்: மெஷினுக்கும் அழைப்பைத் திருப்பித்தான் விடுவார்கள். உங்கள் கணவர் எடுக்காவிட்டால் மட்டும் போகும்படி, போன் செட்டிங்கில் நீங்களே உங்கள் கையால் போடுங்கள்.