புரொப்பேனுக்கு மாற்றியதும் ஜெனரேட்டர் திணறுகிறதே?

கேள்வி: என் 5,000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு புரொப்பேன் கிட் பொருத்தினேன். முன்பு ஃபிரிட்ஜ் ஓடும்போதே தண்ணீர் மோட்டாரையும் போடுவேன். இப்போது மோட்டாரைப் போட்டதும் இன்ஜின் அமுங்குகிறது. கிட் பழுதா?

பதில்: அவசரப்பட்டுக் கிட்டைக் கழற்றாதீர்கள். என் ஜெனரேட்டரை மாற்றியபோது நானும் இதே சந்தேகத்தில் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

பெட்ரோல் துளிகளாக உள்ளே போய், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; இன்ஜினின் சிலிண்டருக்குள் கூடுதலாக அடங்கும். புரொப்பேனோ வாயுவாகவே நுழைகிறது. குளிர்விப்பதும் இல்லை, உள்ளே வரும் காற்றின் இடத்தில் சுமார் 4 சதவீதத்தையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் எரிவதும் குறையும். ஆகவே ஏறத்தாழ 10 சதவீத இழப்பு இயல்புதான். உங்களுடையதை 4,500 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அங்கேதான் இந்தக் குறை தெரிகிறது. முதலில் மோட்டாரைக் கிளப்பிவிட்டு, பிறகு ஃபிரிட்ஜைப் போட்டுப் பாருங்கள்.

அரை மணி ஓடிய பிறகுதான் திணறல் வருகிறது என்றால் புரொப்பேன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். வெளியே பனி படிந்திருந்தால், சின்ன சிலிண்டரால் இன்ஜின் கேட்கும் வேகத்துக்கு வாயு தர முடியவில்லை. பெரிய சிலிண்டர் வாங்குங்கள். தயவுசெய்து அதைச் சூடாக்க நெருப்பை மட்டும் காட்டாதீர்கள்.