கிளாஸ் ஆக்‌ஷன் செட்டில்மென்ட்: கிளெய்ம் போடுவது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்மீது, பாதிக்கப்பட்ட பலருக்காகவும் சேர்த்து ஒரே வழக்காக நடக்கும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்குகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். போட்டியைத் தடுத்துப் பிரீமியத்தை ஏற்றியதாக புளூ கிராஸ் புளூ ஷீல்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்மீது தொடுத்த வழக்கின் செட்டில்மென்ட்டை (பணம் கொடுத்து வழக்கை முடிக்கும் உடன்பாட்டை) பலரும் குறிப்பிட்டே கேட்டிருப்பதால், உதாரணங்களை அதிலிருந்தே எடுத்திருக்கிறோம். அதில் பாலிசிதாரர்கள் கிளெய்ம் போடக் கடைசி நாள் 2021 நவம்பர் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் வழிமுறை மற்ற வழக்குகளுக்கும் பெரும்பாலும் இதேதான்.

“உங்களுக்குப் பணம் கிடைக்கலாம்” என்று ஒரு தபால் அட்டை வந்தது. அதே செய்தி மின்னஞ்சலிலும் வந்தது. நிஜமா, மோசடியா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆர்.கே., எடிசன், நியூ ஜெர்சி

அட்டையில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, கிளெய்ம்களை வாங்கும் நிர்வாக நிறுவனம் எது. புளூ கிராஸ் வழக்கு அலபாமாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எம்.டி.எல். 2406 என்ற எண்ணில் நடந்தது. நிர்வாகத்தைப் பார்த்தது ஜே.என்.டி. என்ற நிறுவனம். உங்கள் அட்டையில் இருக்கும் வழக்கு எண்ணை கோர்ட்லிஸனர் போன்ற இலவசத் தளத்தில் தேடினால், வழக்கு உண்மையில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மின்னஞ்சலில் உள்ள லிங்க்கைத் தட்டாதீர்கள். தபால் அட்டையில் இருக்கும் முகவரியைக் கையால் டைப் செய்து தளத்துக்குப் போங்கள்.

கிளெய்ம் போடக் கட்டணமே கிடையாது. “பிராசஸிங் ஃபீ” என்று ஐந்து டாலர் கேட்டாலும் அது மோசடிதான். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டையோ, போனுக்கு வரும் ஓ.டி.பி.யையோ எந்த நிர்வாக நிறுவனமும் கேட்காது. வரிப் படிவத்துக்காக சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பது மட்டும் சில வழக்குகளில் உண்டு. அதையும் அதிகாரபூர்வத் தளத்திலேயே கொடுங்கள், போனில் சொல்லாதீர்கள்.

அட்டையில் உங்களுக்கென்று ஒரு தனி எண் அச்சிட்டிருக்கும். அட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்த எண்ணோடு போடும் கிளெய்ம்தான் பதிவேட்டோடு சட்டென்று பொருந்தும்.

நான் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? பணம் வேண்டாம் என்றுதானே அர்த்தம்?
– எஸ்.எம்., நேப்பர்வில், இல்லினாய்

இல்லை, இழப்பு அதைவிடப் பெரியது. இழப்பீடு கேட்கும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்குகள் பெரும்பாலும் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 23-இன்கீழ் நடப்பவை. அந்த விதிப்படி, விலகுவதாக எழுதிக் கொடுக்காத எல்லோரும் வழக்கில் சேர்ந்தவர்களாகவே கருதப்படுவார்கள். செட்டில்மென்ட்டை நீதிபதி ஏற்றுக்கொண்டதும், அதே விஷயத்துக்காகத் தனியாக வழக்குப் போடும் உரிமை உங்கள் கையை விட்டுப் போய்விடும். கிளெய்ம் போட்டவருக்கும் போடாதவருக்கும் இது பொருந்தும். போட்டவருக்குப் பணமாவது வரும். சும்மா இருந்தவருக்குப் பணமும் இல்லை, உரிமையும் இல்லை. இதனால்தான் தொகை சின்னதாக இருந்தாலும் போடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறோம்.

பெரிய நஷ்டம் அடைந்து, தனி வக்கீல் வைத்து வழக்காட நினைப்பவர் மட்டும் விலகல் கடிதம் அனுப்பலாம். அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் கிளெய்ம் தேதிக்கு முன்பே வந்துவிடும். செட்டில்மென்ட்டின் அம்சங்களை எதிர்ப்பவர் நீதிமன்றத்துக்கு ஆட்சேபம் எழுதலாம். ஆட்சேபம் எழுதியவரும் கிளெய்ம் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

267 கோடி டாலர் செட்டில்மென்ட் என்றார்கள். என் பங்கு எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆபீஸ் மூலம் எடுத்த ஃபேமிலி பிளான் எனக்கு.
– டி.வி., சார்லட், வட கரோலினா

தலைப்பில் வரும் தொகை அப்படியே பங்குக்கு வருவதில்லை. வக்கீல் கட்டணமாக நீதிமன்றம் அனுமதித்தது 62 கோடி டாலருக்கு மேல். அறிவிப்புக்கும் நிர்வாகத்துக்கும் 10 கோடி ஒதுக்கினார்கள். மிஞ்சியது சுமார் 190 கோடி. அதில் 93.5 சதவீதம் ‘ஃபுல்லி இன்ஷூர்டு’ பிளான்காரர்களுக்கு, 6.5 சதவீதம் ‘செல்ஃப் ஃபண்டட்’ பிளான்காரர்களுக்கு.

முதல் வகையில் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு நோயாளியின் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனியே சுமக்கும். இரண்டாவதில் செலவை ஏற்பது உங்கள் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனி நிர்வாகக் கட்டணம் மட்டும் வாங்கும். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் பெரும்பாலும் இரண்டாவது வகை. எச்.ஆர்.-இடம் கேட்டால் சொல்வார்கள், அல்லது பிளான் விளக்கப் புத்தகத்தில் இருக்கும். இந்த வழக்கில் கணக்கில் எடுத்த காலமும் இரண்டுக்கும் வேறு: முதலாவதுக்கு 2008 பிப்ரவரி 7 முதல், இரண்டாவதுக்கு 2015 செப்டம்பர் 1 முதல், இரண்டும் 2020 அக்டோபர் 16 வரை.

ஆபீஸ் பிளானில் பிரீமியத்தை முதலாளியும் ஊழியரும் சேர்ந்து கட்டுகிறார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவராகத் தோண்ட முடியாது என்பதால் ஒரு பொது அளவு வைத்தார்கள். ஃபுல்லி இன்ஷூர்டு என்றால் தனிநபர் பிளானில் மொத்தப் பிரீமியத்தில் 15 சதவீதம், ஃபேமிலி பிளானில் 34 சதவீதம் ஊழியர் கட்டியதாகக் கொள்வது. செல்ஃப் ஃபண்டட் என்றால் நிர்வாகக் கட்டணத்தில் முறையே 18, 25 சதவீதம். இதற்கு எந்த ரசீதும் வேண்டாம். அதைவிட அதிகம் கட்டியவர் ஆதாரம் காட்டி மாற்று வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த வழி லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். ஃபுல்லி இன்ஷூர்டு ஃபேமிலி பிளான், மொத்தப் பிரீமியம் வருடத்துக்கு 20,000 டாலர், ஐந்து வருடம். மொத்தம் ஒரு லட்சம். பொது அளவில் உங்கள் கணக்கு 34,000. சம்பளத்தில் உண்மையில் பிடித்தது வருடத்துக்கு 4,000 என்றால் ஐந்து வருடத்தில் 20,000தான். பொது அளவே லாபம். வருடத்துக்கு 10,000 பிடித்திருந்தால் 50,000; ஆதாரம் தேடுவது வீண்போகாது. ஆனால் இந்த 34,000-மோ 50,000-மோ காசோலையில் வராது. எல்லோருடைய கணக்கையும் கூட்டி, அதில் உங்களுடையது எத்தனை பங்கோ அந்த விகிதத்தில்தான் பணம் பிரியும். ஐந்து டாலரோ அதற்குக் குறைவோ வந்தால் அனுப்பவே மாட்டார்கள் என்றும் விதி இருந்தது.

ஆதாரம் காட்டுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம், முதலாளி ஆண்டுதோறும் தரும் சம்பள விவரப் படிவமான டபிள்யூ-2. அதில் 12-ஆம் கட்டத்தில் ‘டிடி’ என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கும். அது முதலாளி பங்கும் உங்கள் பங்கும் சேர்ந்த மொத்தம். அதை “நான் கட்டியது” என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் பங்கு தெரியும் இடம் டிசம்பர் மாதக் கடைசிச் சம்பளச் சீட்டு. ‘இயர் டு டேட்’ என்ற பத்தியில் ‘மெடிக்கல்’ வரியைப் பாருங்கள். ‘டென்டல்’, ‘விஷன்’ வரிகளைச் சேர்க்காதீர்கள், தனியாக எடுத்த பல், கண் பிளான்கள் இந்த செட்டில்மென்ட்டில் இல்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு சீட்டு போதும். வேலையை விட்டதும் சம்பளத் தளத்தின் லாகின் போய்விடும் என்பதால், ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே டிசம்பர் சீட்டுகளை எல்லாம் இறக்கி வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் கார்டில் என் பெயர் ‘எஃப்.என்.யு.’ என்று ஆரம்பிக்கிறது. வங்கியில் வேறு மாதிரி இருக்கிறது. கிளெய்மில் எதை எழுதுவது?
– பி., ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

நம்மவர்களின் கிளெய்ம்கள் சிக்கிக்கொள்வதற்கு முதல் காரணமே பெயர்தான். பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, அதாவது முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள். அந்த விசாவைப் பார்த்து எச்.ஆர். பதிவு செய்யும், எச்.ஆர். பதிவிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். வங்கியில் யாரோ ஒருவர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்திருப்பார். இனிஷியல் முன்னால் வருவது, பெயரும் அப்பா பெயரும் இடம் மாறுவது, ஒரே பெயர் இரண்டு கட்டத்திலும் வருவது என்று இன்னும் பல ரகம்.

நிர்வாக நிறுவனம் உங்களைத் தேடுவது இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பட்டியலில். எனவே படிவத்தில் கார்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள், எஃப்.என்.யு. உட்பட. மற்ற பெயர்கள் கேட்கும் கட்டம் இருந்தால் பாஸ்போர்ட் பெயர், வங்கிப் பெயர் இரண்டையும் அதில் போடுங்கள். கார்டில் இருக்கும் மெம்பர் எண்ணையும் கட்டாயம் கொடுங்கள். பெயர் குழம்பினாலும் எண் காப்பாற்றும்.

அடுத்த சிக்கல் பணம் வரும்போது. கார்டுப் பெயரில் காசோலை வந்தால் வங்கி வாங்க மறுக்கலாம். அதனால் கிளெய்ம் ஏற்கப்பட்டதுமே நிர்வாக நிறுவனத்துக்கு எழுதி, எந்தப் பெயரில் காசோலை வேண்டும் என்று சொல்லி, பாஸ்போர்ட் நகலை இணையுங்கள். நேரடி வங்கி டெபாசிட் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. காசோலைகள் பொதுவாக 90 நாளில் காலாவதியாகிவிடும்; தவறான பெயரில் வந்ததை மேசைமேல் வைத்துக்கொண்டு யோசிக்காமல், உடனே மாற்றுக் காசோலை கேளுங்கள்.

உங்கள் கிளெய்மில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சொல்லும் குறைபாட்டுக் கடிதம் வந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள். சரிசெய்ய ஒரு கெடு கொடுத்திருப்பார்கள். அந்தத் தேதிக்குள் பதில் போகாவிட்டால்தான் நிராகரிப்பார்கள். கடிதம் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுவதுண்டு, வாரம் ஒருமுறை அங்கேயும் பாருங்கள்.

கணவரின் பிளானில் நான் டிபென்டன்ட். எனக்கும் தனியாக அட்டை வரவில்லையே, நான் போடலாமா?
– ஜி.எல்., சன்னிவேல், கலிஃபோர்னியா

புளூ கிராஸ் செட்டில்மென்ட்டில் முடியாது. பிரீமியம் கட்டிய பாலிசிதாரருக்கு மட்டுமே உரிமை. மனைவி, பிள்ளைகளுக்குத் தனிக் கிளெய்ம் இல்லை. தகவல் திருட்டு வழக்குகளில் இது தலைகீழ். ஆந்தம் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் பேரின் விவரம் 2015-இல் திருடு போனது தெரியவந்தபோது, ஒவ்வொருவருடைய விவரமும் தனித்தனியாகப் போனதுதான் பாதிப்பு. 11.5 கோடி டாலருக்கு முடிந்த அந்த வழக்கில், விவரம் பறிபோனவர் எவரும் கிளெய்ம் போடலாம் என்ற நிலை இருந்தது. எந்த வழக்கானாலும் அறிவிப்பில் ‘யார் இதில் அடங்குவர்’ என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

2021-இல் கிளெய்ம் போட்டேன். இப்போது கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டோம். ஏன் இவ்வளவு தாமதம்? பணம் வந்தால் இங்கே எப்படி வாங்குவது?
– கே.ஆர்., கோயம்புத்தூர்

வழக்கு தொடங்கியது 2012-இல். 2020 அக்டோபரில் செட்டில்மென்ட், 2022 ஆகஸ்டில் நீதிபதியின் இறுதி ஒப்புதல். அதை எதிர்த்துச் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். 11-ஆம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஒப்புதலை உறுதி செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. மேல்முறையீடு முடியாமல் பணம் பிரிக்க மாட்டார்கள்.

இந்தக் காலத்தில் நீங்கள் நாடே மாறிவிட்டீர்கள், அதனால் முகவரி மாற்றத்தை உடனே தெரிவியுங்கள். அமெரிக்கத் தபால் துறையில் போடும் முகவரி மாற்றம் இந்தியாவுக்குப் போதாது. நிர்வாக நிறுவனத்துக்கே கிளெய்ம் எண்ணோடு எழுத வேண்டும். டாலர் காசோலையைக் கோவைக் கிளையில் கொடுத்தால் வசூலுக்கு அனுப்புவார்கள், வாரக்கணக்கில் ஆகும். தொகை சிறியதானால் கட்டணத்திலேயே கரைந்துவிடும். அமெரிக்கக் கணக்கு ஒன்றை மூடாமல் வைத்திருந்தால் அதற்கே வரச் சொல்லுங்கள். அமெரிக்க வங்கிகளின் பணம் அனுப்பும் வசதியான ஜெல் (Zelle) வழி கேட்டிருந்தால், அது பழைய அமெரிக்கக் கைபேசி எண்ணோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். வரிப் படிவம் கேட்டால், இப்போது அமெரிக்க வரிவாசியாக இல்லாத நீங்கள் டபிள்யூ-9இல் கையெழுத்திடக் கூடாது. டபிள்யூ-8பென் படிவம் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி என் அறுவைச் சிகிச்சை பில்லை மறுத்துவிட்டது. செட்டில்மென்ட்டில் கிளெய்ம் போட்டால் அதையும் கேட்க முடியாமல் போய்விடுமா?
– என்.எஸ்., ஃபீனிக்ஸ், அரிசோனா

செட்டில்மென்ட் ஆவணத்தில் ‘கைவிடப்படும் கோரிக்கைகள்’ பத்தியில்தான் விடை இருக்கும். புளூ கிராஸ் வழக்கு, கம்பெனிகள் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு போட்டியைத் தடுத்ததாகவும், அதனால் பிரீமியம் ஏறியதாகவும் தொடுக்கப்பட்டது. கம்பெனிகள் அதை மறுத்தன. ஒரு நோயாளியின் பில்லை ஏற்பதா மறுப்பதா என்ற அன்றாடத் தகராறை அது தொடவில்லை.

பில்லுக்கு வழி வேறு. மறுப்புக் கடிதம் வந்த 180 நாளுக்குள் கம்பெனிக்குள்ளேயே அப்பீல் செய்யுங்கள். மருத்துவக் காரணம் சொல்லி மறுத்திருந்தால், ஏன் அந்தச் சிகிச்சை தேவை என்று உங்கள் டாக்டரின் கடிதத்தை இணையுங்கள். அங்கும் மறுத்தால், இறுதி மறுப்பு வந்த நான்கு மாதத்துக்குள் வெளி மதிப்பாய்வு, அதாவது கம்பெனியைச் சாராதவர்களின் பரிசீலனை, கேட்கலாம். செட்டில்மென்ட்டுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டைவிடாதீர்கள்.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறு கம்பெனி நடத்துகிறேன். முதலாளி என்ற முறையில் எனக்கு வரும் பணம் முழுக்க என்னுடையதா?
– வி.ஏ., ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

ஊழியர்களும் பிரீமியத்தில் பங்கு கட்டியிருந்தால், வரும் பணத்தில் அவர்கள் பங்குக்கு உரியது, ஊழியர் நலத் திட்டங்களுக்கான எரிசா (ERISA) சட்டப்படி பிளானின் சொத்தாகக் கருதப்படலாம். அதைக் கம்பெனிச் செலவுக்கு எடுத்தால் சிக்கல். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தரும் பிரீமியம் தள்ளுபடிக்குத் தொழிலாளர் துறை 2011-இல் வகுத்த வழியையே பலரும் இதற்கும் பின்பற்றுகிறார்கள்: வந்த மூன்று மாதத்துக்குள் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, அல்லது அவர்கள் அடுத்துக் கட்ட வேண்டிய பிரீமியத்தில் கழிப்பது. ஊழியர்கள் தனியாகக் கிளெய்ம் போட்டு அவர்கள் பங்கை வாங்கியிருந்தால் கணக்கு மாறும். காசோலை கைக்கு வந்ததும் பிளான் ஆவணத்தோடு பெனிஃபிட்ஸ் வக்கீலைப் பாருங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன் என்பதை எழுத்தில் வையுங்கள்.

பாலிசிதாரரான அப்பா காலமாகிவிட்டார். அவர் பெயரில் வந்த அட்டையை வைத்து நான் போடலாமா?
– எம்.டி., டிராய், மிஷிகன்

போடலாம், ஆனால் அவர் பெயரில் நீங்களே கையெழுத்திட்டு அல்ல. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின்கீழ்தான் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். சட்டப் பிரதிநிதி என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரில் கையெழுத்திடுங்கள். இறப்புச் சான்றிதழும், நீதிமன்றம் கொடுத்த நிர்வாகி நியமன ஆணையும் இணைக்க வேண்டும். சொத்து மதிப்பு குறைவென்றால் மாநிலம் அனுமதிக்கும் சிறு சொத்து உறுதிமொழிப் பத்திரம் போதும். அது தயாராக நாளாகும் என்றால், கெடு முடியும் முன் கிளெய்மை முதலில் அனுப்பிவிட்டு, ஆவணம் பின்னால் வருகிறது என்று ஒரு குறிப்பு வையுங்கள். காசோலையை ‘எஸ்டேட் ஆஃப்’ என்று அப்பா பெயரோடு எழுதினால் எஸ்டேட் கணக்கில்தான் போட முடியும். அப்படிக் கணக்கு திறக்கவில்லை என்றால், வாரிசான உங்கள் பெயருக்கு எழுதச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.