பீகிங் ஓபரா கேள்வி பதில்: முதலில் காதைக் கொடுங்கள்

செல்வி: பீகிங் ஓபரா எவ்வளவு பழையது? சீனர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள்?

ஜிங்ஜு என்பார்கள். தலைநகர நாடகம் என்று பொருள். ஆனால் அதன் வேர் தலைநகரில் இல்லை. 1790இல் சியான்லோங் பேரரசரின் 80வது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காகத் தெற்கே அன்ஹுய் பக்கத்திலிருந்து ஒரு நாடகக்குழு பெய்ஜிங் வந்தது. அடுத்தடுத்து வேறு குழுக்களும் வந்தன. வந்தவர்கள் அங்கேயே தங்கி, ஹுபெய் பாடகர்களோடு சேர்ந்து ஆடிப் பாடியதில் சில பத்தாண்டுகளில் உருவானதுதான் இது. பழைய பெய்ஜிங்காரர்கள் நாடகம் ‘பார்க்க’ப் போவதாகச் சொல்ல மாட்டார்கள், ‘கேட்க’ப் போவதாகத்தான் சொல்வார்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முரளி: கண் இமைக்கும் நேரத்தில் முகமூடி மாறுமே, அது எப்படி?

அது சிச்சுவான் மாகாண நாடகத்தின் வித்தை. பெயர் பியான்லியன். ஜிங்ஜுவில் அது கிடையாது.

தேவகி: முகத்தில் பூசும் நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

சிவப்பு விசுவாசம், உதாரணம் தளபதி குவான் யூ. வெள்ளை சூழ்ச்சி, அமைச்சர் சாவ் சாவ். கறுப்பு நேர்மை, நீதிபதி பாவ். இதற்கு மேல் பட்டியல் வேண்டாம் என்பேன். முகம் முழுக்க வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் ‘ஜிங்’ வேடக்காரர்கள்தான். கோமாளியான ‘சோவ்’க்கு மூக்கைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு. ஆண் வேடமான ‘ஷெங்’, பெண் வேடமான ‘தான்’ இரண்டுக்கும் பொதுவாக அந்த மாதிரி முகம் கிடையாது. உயிரான பாட்டில் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது.

அருண்குமார்: எல்லாப் பாட்டும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பாட்டில் பெரும்பகுதி இரண்டு இசை வகைகளுக்குள் அடங்கும். ஷீபி துள்ளலும் வேகமும் உள்ளது. கோபம், உற்சாகம், வாக்குவாதம் எல்லாம் அதில் வரும். அர்ஹுவாங் கனமானது, துக்கத்துக்கும் தனிமை யோசனைக்கும் உரியது. இரண்டையும் பிரித்தறிய ஜிங்ஹுவைக் கவனியுங்கள். மூங்கில் குடத்தில் பாம்புத்தோல் போர்த்திய, இரண்டே தந்தி உள்ள சின்ன வில்வாத்தியம். ஷீபிக்கு ஒரு சுருதி, அர்ஹுவாங்குக்கு வேறு சுருதி என்று தந்தியையே மாற்றிக் கூட்டுவார்கள். எடுப்பும் வேறு: அர்ஹுவாங்கில் வரி தட்டின்மேல் தொடங்கும், ஷீபியில் பெரும்பாலும் தட்டு தாண்டி எடுப்பார்கள். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

அடுத்தது வெண்கலத் தட்டு, அதாவது காங். பெரிய தட்டை அடித்தால் நாதம் கீழே இறங்கும், சின்னதை அடித்தால் மேலே ஏறும். தளபதி நுழையும்போது பெரியது, பெண் பாத்திரம் நுழையும்போது பெரும்பாலும் சின்னது. எனவே ஆள் வருவதற்கு முன்பே வரப்போவது யார் என்று காது ஊகித்துவிடும்.

ஃபாத்திமா: பெய்ஜிங்கில் முகமூடி மாற்றும் நிகழ்ச்சி எங்கே நடக்கும்?

முரளிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

இளங்கோ: பெண் வேடத்தை ஆண் போடுவது பெண்களுக்கு மேடை மறுக்கப்பட்டதன் விளைவு. அதைக் கலை என்று கொண்டாடலாமா?

வசந்தா (இளங்கோவுக்கு): அப்படியென்றால் பெண் வேடத்தில் புகழ்பெற்ற மெய் லான்ஃபாங்கைத் தூக்கி எறிந்துவிடுவதா?

இரண்டு பேரும் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தடை உண்மை. சிங் வம்ச ஆட்சியில் பெய்ஜிங் மேடைகளில் பெண்களுக்கு இடமில்லை. அந்த அநீதியை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அதற்குள்ளிருந்து பிறந்த குரலைக் கேளுங்கள், இளங்கோ. இளம்பெண் வேடத்தின் ‘தான்’ குரல் எந்தப் பெண்ணின் இயல்பான குரலும் இல்லை. பொய்க்குரலில் பல ஆண்டுகள் சாதகம் செய்து கட்டி எழுப்பியது. இன்று அந்த வேடங்களைப் பாடும் பெண்களும் மெய் லான்ஃபாங் (1894–1961), செங் யான்ச்சியூ போன்ற ஆண்கள் வகுத்த பாணிகளைத்தான் கற்கிறார்கள்.

இளங்கோ: எதிர்ப்பக்கம் ஏதாவது உண்டா? பெண் ஆணாக?

உண்டு. மெங் ஷியாவ்தோங். தாடி வைத்த முதிய ஆண் வேடம் அவருடையது. யூ ஷூயென்னிடம் கற்றவர். அந்தக் குரலில் பெண்ணின் சாயலைத் தேடினால் கிடைக்காது. இன்றைக்கு வாங் பெய்யூ அதே வேடத்தில் பாடுகிறார். 1949க்குப் பிறகு ஆண்களுக்குப் பெண் வேடம் கற்றுத்தருவது ஏறக்குறைய நின்றுபோனது. தடையை நீக்கியது சரி. அதற்காக ஒரு பயிற்சி மரபையே வற்ற விட்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மெய்யின் மகன் மெய் பாவ்ஜியூ 2016இல் மறைந்தபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வசந்தா: ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் மெய் லான்ஃபாங்கைப் பார்த்தாராமே?

1935இல் மாஸ்கோவில். அந்நியமாக்கல் (பார்வையாளரைக் கதையில் கரையவிடாமல் விலகி நின்று பார்க்கச் செய்யும் உத்தி) பற்றிய பிரெக்டின் கட்டுரை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதைப் படிப்பதற்கு முன் மெய்யின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிடுங்கள்.

ராஜேஷ்: எங்கே போய்ப் பார்க்கலாம்? மொழி தெரியாதே?

பெய்ஜிங்கில் சாங்ஆன் அரங்கம் அல்லது 2007இல் திறந்த மெய் லான்ஃபாங் அரங்கம். திரையில் வரிகள் ஓடும். பழைய உச்சரிப்பு என்பதால் உள்ளூர்க்காரர்களும் அதைப் பார்த்துத்தான் பின்தொடர்கிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் எல்லாக் கலையையும் காட்டுகிறோம் என்ற சீட்டை வாங்காதீர்கள். அங்கே துண்டு துண்டாகச் சண்டையும் குட்டிக்கரணமும்தான் கிடைக்கும், பாட்டு கிடைக்காது.

கார்த்திக்: முகமூடி மாற்றுவதன் ரகசியம்…

மூன்றாவது முறை. சிச்சுவான், கார்த்திக்.

நளினி: ஒரே ஒரு நாடகம் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்குகிறேன்.

‘பாவாங் பிய் ஜி’, அரசன் தன் துணைவியிடம் விடைபெறும் கதை. 1922இல் மெய் லான்ஃபாங்கும் யாங் ஷியாவ்லோவும் ஆடியது. வாள் நடனத்தில் ‘யே ஷென்சென்’ என்ற மெட்டு வரும். முதலில் படத்தை மூடிவிட்டு ஜிங்ஹுவையும் முரசையும் மட்டும் கேளுங்கள். பிறகு முழுக் காட்சி. முற்றுகைக்குள் அரசன் தூங்குகிறான். துணைவி யூ ஜி நிலவில் வெளியே வந்து நிற்கிறாள். எதிரிப் பாசறையிலிருந்து பாட்டு கேட்கிறது. அவர்கள் பாடுவது அரசனின் சொந்த ஊர்ப் பாட்டு.