குதிரைக்கு அடமா, முதுகு வலியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குதிரை வைத்திருப்பவர்கள் இன்று அதிகம் பேர் இல்லை. ஒசூர் பக்கம் சவாரி கற்றுக்கொடுக்கிறார்கள். ஊர்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் போகும் குதிரைகள் உண்டு. ரேக்ளாவுக்கு வளர்ப்பவர்களும், மலையடிவாரத்தில் பொதி ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வந்த கடிதங்களைப் படித்தால் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "திமிர் பிடித்துவிட்டது", "அடம் பண்ணுகிறது", "குணம் மாறிவிட்டது". நேற்று வரை ஒழுங்காக இருந்த குதிரை இன்று மாறினால், நான் முதலில் சந்தேகப்படுவது வலியைத்தான். முதுகையும் கழுத்தையும் தொட்டுப் பார்க்காமல் குதிரையின் குணத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

பெங்களூரில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோப்ரெட் குதிரை ஒன்றை வாங்கினேன். சேணம் வைக்கப் போனாலே காதை மடக்கிக் கடிக்க வருகிறது. ஏறி உட்கார்ந்ததும் முதுகைக் கீழே இறக்குகிறது. கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். (ஒசூர்)

கண்டிப்பை நிறுத்திவையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது முதுகு வலியின் அடையாளம் போலவே இருக்கிறது.

முதலில் கையால் பாருங்கள். குதிரை சமதரையில் நான்கு காலிலும் சமமாக நிற்கட்டும். முதுகெலும்புக்கு நான்கு விரல் தள்ளி, தோளுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை உள்ளங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும். நகத்தாலோ பேனா முனையாலோ குத்தக் கூடாது, குத்தினால் நல்ல முதுகுள்ள குதிரைகூட வளைந்து கொடுக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வலி இருக்கும் இடத்தில் கை வந்ததும் தசை இறுகும், அல்லது முதுகு சட்டென்று இறங்கும், வால் சுழலும். முகத்தையும் கவனியுங்கள். மூக்குத்துளை இறுகி, கண்ணுக்கு மேல் தசை முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம் சேணம். குதிரைக்கு விலா எலும்பு 18 ஜோடி. சேணத்தின் பாரம் கடைசி விலாவைத் தாண்டி இடுப்புப் பக்கம் போகக் கூடாது. முன்பக்கம் அது தோள்பட்டை எலும்பின் மேல் ஏறி உட்காரவும் கூடாது. ஆள் ஏறிய பிறகும், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் மேல் நேராக எதுவும் அழுத்தக் கூடாது. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள். சுற்றிலும் ஈரமாக இருக்க, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்படலாம். அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் அங்கே ஏற்கெனவே காயம்பட்டிருக்கிறது. பந்தயக் குதிரை ஓய்வுக்குப் பிறகு உடம்பு மாறும், ஆறு மாதத்துக்கு முன் பொருந்திய சேணம் இப்போது பொருந்தாமல் போகலாம்.

சேணம் சரியாக இருந்தும் வலி நீடித்தால், இந்த இனத்தில் ஒரு குறை அடிக்கடி வரும். முதுகெலும்புகளின் மேல்நோக்கிய முட்கள் ஒன்றோடொன்று நெருங்கி உரசுவது. பெரும்பாலும் சேணம் உட்காரும் இடத்தில், 13 முதல் 18 வரையிலான முதுகெலும்புகளில் இது வரும். எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் படத்தில் நெருக்கம் தெரிந்தாலே வலி இருக்கிறது என்று அர்த்தமில்லை. வலியே இல்லாத குதிரைகளிலும் அப்படித் தெரிவதுண்டு. அதனால் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு நடை மாறுகிறதா என்று பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குப் பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி கிட்டத்தில்தான் இருக்கிறது. பின்னங்காலில் நொண்டல் இருக்கிறதா, பல் கூராக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு வலி பல சமயம் காலில் தொடங்கி முதுகுக்கு வருவது. பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண்ணும் சாதாரணம், வயிற்று வாரை இறுக்கும்போது கடிப்பதற்கு அதுவும் காரணமாகலாம்.

வைத்தியத்தில் ஊசியும் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் எது செய்தாலும் முதுகுத் தசையைப் பலப்படுத்தாவிட்டால் வலி திரும்பி வரும். சில வாரங்கள் யாரும் ஏறாமல், தலையைத் தாழ்த்தி நடக்க விட்டு, நீளக் கயிற்றில் பெரிய வட்டமாக நடத்துங்கள். ஒரு கேரட்டைக் காட்டி விலாப் பக்கமும், முன்னங்கால்களுக்கு நடுவிலும் தலையைக் கொண்டுபோகச் செய்யுங்கள். கயிற்றைப் பிடித்து இழுக்காமல், அதுவாகவே எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு போதும்.

குதிரை இரண்டு நாளாகக் கழுத்தைத் திருப்பவில்லை. மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. வாய் சரியாகத் திறக்கவில்லை. போன வாரம் குளம்பில் ஆணி ஏறியிருந்தது, நாங்களே எடுத்துவிட்டோம். (பாலக்கோடு)

இவரிடம் உடனே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கும். இது சுளுக்கு இல்லை. ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். வீட்டு விலங்குகளில் இந்தக் கிருமியின் விஷத்துக்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். காயம்பட்டு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் விறைப்பு தொடங்கும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கலாம்.

கண்ணுக்குக் கீழே கன்னத்தில் விரலால் மெல்லத் தட்டுங்கள். கண்ணின் உள் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு விழியின் குறுக்கே பாய்ந்து வந்தால், வேறு எதற்கும் காத்திருக்காதீர்கள். காது நிமிர்ந்து விறைப்பதும், வால் தூக்கி நிற்பதும் சேர்ந்தே இருக்கும். 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது கிட்டத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மருத்துவர் வரும் வரை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் நிறுத்துங்கள். மேளம், வண்டி ஹாரன், டார்ச் வெளிச்சம் எதுவும் வேண்டாம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.

நல்ல சிகிச்சை கிடைத்தும் பாதிக்கு மேல் இறந்துபோகும் நோய் இது. தடுப்பூசியோ மலிவானது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் உங்கள் குதிரைக்குக் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று இன்றே பாருங்கள். நினைவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் ஊசி போட்ட மறுநாள் அந்த இடம் மட்டும் வீங்கி, தலையைக் குனிய முடியாமல் நிற்பது வேறு. அப்போது வாய் திறக்கும், பசியும் இருக்கும். தண்ணீரையும் தீவனத்தையும் நெஞ்சு உயரத்தில் வைத்தால் சாப்பிடும், பெரும்பாலும் சில நாளில் சரியாகும். வீக்கம் பெரிதானாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டிவிடுங்கள்.

முதுகு மேட்டில் கட்டி வந்து உடைந்து சீழ் வடிகிறது. வேப்பெண்ணெய் போடுகிறோம், ஆறுவது மாதிரி இருந்து மறுபடி உடைகிறது. மாடுகளும் அதே கொட்டகையில்தான். (காவேரிப்பட்டினம்)

கடைசி வரியை நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. இந்த இடத்தில் எலும்பு முட்களுக்கு மேல் திரவம் நிறைந்த ஒரு பை இருக்கும். அதில் சீழ் பிடித்தால் மேலே தைலம் தடவி ஆறாது, ஓட்டை உள்ளே ஆழமாகப் போயிருக்கும். சேணமோ நுகமோ உரசியும் வரும். ஆனால் மாடுகளோடு வாழும் குதிரையில் இப்படி வந்தால், மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமியையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் மாடுகளில் ஏதாவது மாதம் நிறையாமல் கன்று போட்டதா? அப்படியானால் குதிரைக்கும் மாடுகளுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இது மனிதருக்கும் வரும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, ஓயாத அசதி என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கையுறை இல்லாமல் அந்தச் சீழைத் தொடாதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பாலை நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள். வீட்டில் யாருக்காவது இப்படிக் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் குதிரை, மாடு விஷயத்தையும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்கு இது தோன்றாமலே போகலாம். கட்டியை வீட்டில் கீறாதீர்கள். அரசு நடத்தும் முகாம்களில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா தடுப்பூசி போடுகிறார்கள், அதையும் தவறவிடாதீர்கள்.

மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றி மலைக்குப் போகிறோம். முதுகில் அடிக்கடி புண் வருகிறது. எவ்வளவு எடை ஏற்றலாம்? (பென்னாகரம்)

1965-ஆம் ஆண்டின் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளில் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்று உச்சவரம்பு இருக்கிறது. அது சட்டத்தின் எல்லை. உங்கள் குதிரையின் எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம். சவாரிக்குச் சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள் என்பேன். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை வரும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் 214 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 43 கிலோதான். மூட்டை அசைந்து கொடுக்காது என்பதால், அது மனிதரைவிடக் கடினமான பாரம்.

தேர்தல் வந்தால் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதையில் ஏற்றிப் போகும் படம் பத்திரிகைகளில் வரும். இன்னும் சில மலைக் கிராமங்களுக்கு இந்த முதுகுகள்தான் பாதை, அதனால் அவற்றைக் கொஞ்சம் மரியாதையோடு நடத்த வேண்டும். இரண்டு பக்க எடையும் சமமாக இருக்கட்டும். முதுகெலும்புக்கு நேர் மேலே வெற்றிடம் விட்டு, இருபுறமும் தனித்தனி மெத்தையாக வையுங்கள். சாக்கை மடித்துப் போடுவது போதாது, அது வியர்வையில் சுருண்டு புண்ணாக்கும். புண் ஆறும் வரை பாரம் கூடவே கூடாது. மெத்தையில் ஓட்டை வெட்டிப் புண்ணைத் தப்பவைக்கும் வழக்கத்தை விடுங்கள், அழுத்தம் ஓட்டையின் விளிம்பில் போய் உட்காரும்.

அந்தியூர் சந்தையில் வாங்கிய இரண்டு வயதுக் குதிரை நடக்கும்போது பின்பக்கம் ஆடுகிறது. திரும்பும்போது காலைப் பின்னிக்கொள்கிறது. முதுகில் அடிபட்டிருக்குமா? (அரூர்)

வலியில் நடக்கும் குதிரை காலைப் பார்த்துப் பார்த்து வைக்கும். நரம்பு கெட்ட குதிரைக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீங்கள் சொல்வது இரண்டாவது. வேகமாக வளரும் இளம் குதிரைகளில் கழுத்தெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் நெரிபட்டு இப்படி வருவதுண்டு. அதன் மேல் யாரும் ஏற வேண்டாம், எந்த நேரமும் விழலாம்.

ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம். நாய் கடித்திருக்குமா? வெறிநோய் குதிரையில் பின்பக்கத் தள்ளாட்டமாகவும் தொடங்கும். அது இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை வாய்க்குள் கை விடாதீர்கள், எச்சிலைத் தொடாதீர்கள். இரண்டாவது, மாட்டு ஈக்கள் பரப்பும் சர்ரா நோய். விட்டு விட்டுக் காய்ச்சல், உடல் மெலிவு, வயிற்றுக்கடியில் நீர் கோத்த வீக்கம் இருந்தால் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது. சந்தையில் வாங்கும்போதே சிறிய வட்டத்தில் திருப்பியும், பின்னோக்கி நடத்தியும் பாருங்கள். அழகையும் சுழியையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஞாயிறு முழுக்க ஓய்வு. திங்கள் வண்டியில் பூட்டினால் கால் மணி நேரத்தில் வியர்த்து, இடுப்பு கல்லாக இறுகி நின்றுவிடுகிறது. (ஊத்தங்கரை)

நின்ற இடத்திலேயே அவிழ்த்துவிடுங்கள், வீடு வரை நடத்த வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, அவசரம். இனி ஓய்வு நாளில் கொள்ளையும் தானியத்தையும் பாதியாகக் குறைத்து, புல்லும் தட்டும் கொடுங்கள். ஓய்வு என்றாலும் கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள்.

கல்யாணத்துக்கு நாட்டியக் குதிரை வைத்திருக்கிறேன். தலை நிமிர்ந்து நிற்கக் கடிவாளத்தை இழுத்துக் கட்டுவோம். இப்போது ஆட மறுக்கிறது. (தர்மபுரி)

தலையைத் தூக்கிக் கட்டினால் முதுகு குழியும். குழிந்த முதுகில் மாப்பிள்ளையை ஏற்றி, மேளத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நிறுத்தினால் கழுத்தும் முதுகும் இரண்டும் நோகும். அது மறுப்பதில் வியப்பில்லை. இது உங்கள் பிழைப்பு என்று தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: இழுத்துக் கட்டுவதை நிறுத்துங்கள். ஊர்வலத்தில் நின்று நின்று போகும்போது மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, தலையைத் தளர்த்தித் தரை வரை நீட்ட விடுங்கள். ஒரு மாதம் ஆட்டமே இல்லாமல் மேயவிட்டுப் பிறகு பாருங்கள்.

முதுகுப் பிடிப்புக்குச் சூடு போடலாமா? அவசரத்துக்கு மெடிக்கலில் வலி ஊசி வாங்கலாமா? (பர்கூர்)

சூடு வேண்டவே வேண்டாம். புது வலி பழைய வலியை மறைக்கும், அவ்வளவுதான். டைக்ளோஃபெனாக் விலங்குகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006-லிருந்து தடை. அந்த மருந்து போட்டு இறந்த கால்நடையைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மற்ற வலி மருந்துகளும் அளவு தப்பினால் குதிரையின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி தெரியாமல் வேலை செய்யவைக்க மருந்து போடுவது இன்னும் மோசம்.

வயதான பெண் குதிரை, முதுகு நன்றாகக் குழிந்துவிட்டது. வலிக்குமா? பேத்தி ஏறலாமா? (மாரண்டஅள்ளி)

வயதில் குழிவது சாதாரணம், அழுத்திப் பார்த்துத் தசை இறுகவில்லை என்றால் பெரும்பாலும் வலி இருக்காது. சாதாரணச் சேணம் அந்தக் குழியில் பாலம் போல நிற்கும், முன்னும் பின்னும் மட்டும் அழுத்தும். குழியை நிரப்பும் தடித்த கம்பளி மெத்தை போட்டு, சிறு பிள்ளையை நடையில் மட்டும் பத்து நிமிடம் ஏற்றலாம், பக்கத்தில் நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. இறங்கியதும் முதுகைத் தொட்டுப் பாருங்கள், மறுநாள் காலையும் ஒருமுறை பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் தீவனத்தை ஊறவைத்துக் கொடுங்கள், மெலிந்தால் குழி இன்னும் ஆழமாகும்.