ஸ்கோலின் போட்டால் மூச்சு திரும்பத் தாமதமா? வாசகர் கேள்விகள்

அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்கு நான்கு மணி நேரம் மூச்சே வரவில்லை. ஸ்கோலின் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அலர்ஜியா?

அலர்ஜி இல்லை. தொண்டைக்குள் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஸ்கோலின். கிலோவுக்கு சுமார் 1 மி.கி. போடுவார்கள். ரத்தத்தில் உள்ள சூடோகொலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால் 5–10 நிமிடத்தில் மூச்சு திரும்பும். அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் வைத்தியம், தானாகவே சரியாகும். ஆபரேஷன் முடிந்ததும் மயக்கத்தை நிறுத்திவிடுவதில்தான் கோளாறே. நோயாளிக்கு நினைவு வந்துவிடும், கண்ணைக்கூடத் திறக்க முடியாது. நரம்புத் தூண்டல் கருவியில் தசை நன்றாக அசையும்வரை தூக்க மருந்து ஓட வேண்டும். தசைத் தளர்ச்சியை முறிக்க வேறு சமயங்களில் தரும் நியோஸ்டிக்மினை அவசரப்பட்டுப் போடுவதும் ஆகாது. கொஞ்சநஞ்சம் இருக்கும் நொதியையும் அது முடக்கும்.

ஆர்ய வைசியர்களுக்கு இது அதிகம் என்கிறார்களே?

உண்மைதான். கோயம்புத்தூரில் நடந்த ஆய்வில் அச்சமூகத்தாரில் சுமார் 4 சதவீதம் பேருக்கு நொதி அறவே இல்லை. பிற இடங்களில் இது லட்சத்தில் ஒருவர் அளவுக்கே உண்டு. நொதியின் 307-ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற அமினோ அமிலம் வந்து உட்கார்ந்திருப்பதே காரணம். தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததால் தங்கிவிட்டது. மற்ற சமூகத்தார் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். வேறு மரபு மாற்றங்களும் உண்டு.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குறை முழுதாக வெளிப்படும். ஆகவே அண்ணனுக்கு இருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதலில் சோதிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

என்ன டெஸ்ட்?

சீரம் சூடோகொலினெஸ்டரேஸ். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எடுக்கும் அதே ரத்தப் பரிசோதனை. கர்ப்பத்திலும் கல்லீரல் நோயிலும் அளவு தானாகக் குறையும்; பிளாஸ்மா ஏற்றியிருந்தால் பொய்யாக அதிகமாகத் தெரியும். நொதி மாறிய வகையா என்று காட்டும் டிபுகெய்ன் எண் நார்மலானவர்களுக்கு 80 அளவிலும், ஒருவகை மாறிய நொதி உள்ளவர்களுக்கு 20 அளவிலும் இருக்கும். நொதியே இல்லாதவர்களுக்கு அந்த எண்ணால் பயனில்லை.

பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போடலாமா?

லிக்னோகெய்ன் தாராளமாகப் போடலாம். முதுகில் போடும் புபிவகெய்னும் அப்படியே. குளோரோபுரோகெய்ன் வேண்டாம்.

காய்ச்சல் கொதிக்கும் 'மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா' இதுதானா?

இல்லை. அதிலும் ஸ்கோலின் ஆகாது என்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். அது தசை சார்ந்த கோளாறு. செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் ஆகா, டாண்ட்ரோலின் என்ற மாற்று மருந்து தேவைப்படும். நொதிக் குறைவுக்காரர்களுக்கு வாயுக்களால் தொல்லை இல்லை.

பர்ஸில் என்ன எழுதி வைப்பது?

"மயக்க மருந்து அலர்ஜி" என்று மட்டும் எழுதாதீர்கள். படிக்கும் டாக்டருக்கு எதுவும் புரியாது. "பிறவி சூடோகொலினெஸ்டரேஸ் குறைவு. ஸ்கோலின், மிவாக்யூரியம் கூடாது. ரோக்குரோனியம், அட்ராக்யூரியம் தரலாம்" என்று, மருந்துப் பெயர்களை ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் கூடவே இருக்கட்டும். அவசர சிசேரியனிலும் மனநல மின்அதிர்ச்சி சிகிச்சையிலும் ஸ்கோலின் வழக்கமாகக் கையில் எடுக்கும் மருந்து. அங்கே நீங்களோ கூட இருப்பவரோ வாய்விட்டும் சொல்ல வேண்டும்.